காருக்குள் தண்ணீர் எப்படி வருது? ஈரமான இடத்துலயே ஓட்டையைத் தேடாதீங்க!

இரவு முழுக்க மழை. காலையில் கார் கதவைத் திறந்து காலை வைத்தால் மேட் சொதசொதவென இருக்கிறது. கண்ணாடியை எல்லாம் ஏத்தித்தானே விட்டோம், அப்புறம் எப்படி?

பலரும் ஈரமான இடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டையைத் தேடுவார்கள். ஆனால் தண்ணீர் நுழையும் இடம் வேறு, தேங்கும் இடம் வேறு. கூரையில் நுழையும் தண்ணீர், கண்ணாடி ஓரத் தூணுக்குள் இறங்கி, கால் வைக்கும் பள்ளத்தில் வந்து நிற்கும்.

மழையே இல்லாமல் ஈரமா?

அப்படியென்றால் ஏசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏசி ஓடும்போது உருவாகும் தண்ணீர் ஒரு சின்ன டியூப் வழியாக காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அதில் தூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். பெரும்பாலும் முன் சீட்டில் இடது பக்கம்தான் நனையும். தண்ணீர் நிறமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது கூலன்ட். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மழை பெய்தால் மட்டும் ஈரமா?

* வைப்பருக்குக் கீழே: மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலை, சருகு சேர்ந்து வடிகால் அடைத்துக்கொள்ளும்.
* சன்ரூஃப்: இதில் கொஞ்சம் தண்ணீர் இறங்குவது சகஜம். அதை வெளியேற்றவே ஓரங்களில் டியூப் இருக்கிறது. அது அடைத்தால் கூரைத் துணியில் கறை தெரியும்.
* கதவு: கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர், கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் தடுப்பாக இருக்கும். ஸ்பீக்கர் மாட்டும்போது அது கிழிந்தால், தண்ணீர் உள்ளே வரும்.
* டிக்கி: ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் நின்றால் பின் விளக்கைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள்.

வீட்டிலேயே எப்படி கண்டுபிடிப்பது?

முதலில் காரை நன்றாகக் காய வைக்க வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போவது முக்கியம். மேலே ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து குழப்பிவிடும். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று பாருங்கள். சந்தேகமான ஓரங்களில் டிஷ்யூ பேப்பர் வைத்தால், முதலில் நனைவது எது என்று தெரிந்துவிடும்.

இதைச் செய்யாதீங்க

கண்ட இடத்தில் எல்லாம் சிலிக்கான் பூசக் கூடாது. வடிகால் துளையை அடைத்தால் பிரச்சினை பெரிதாகும். சன்ரூஃப் டியூபில் அதிக அழுத்தத்தில் காற்று அடித்தால் அது உள்ளேயே கழன்றுவிடலாம்.

வெயிலில் காய்ந்தால் போதாதா?

போதாது. மேலே காய்ந்தாலும் கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்ச், தண்ணீரை நாள் கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழேதான் ஒயரிங் போகிறது. பல கார்களில் ஏர்பேக் கனெக்டர்களும் சீட்டுக்கு அடியில்தான். துரு, பூஞ்சை வாடை, டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு என்று செலவு கூடிக்கொண்டே போகும். அதனால் லீக்கை அடைத்த பிறகு கார்பெட்டைத் தூக்கி, அடிவரை காய வைத்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.