தண்டையும் சோலார் தகடும்: ஊவாத் தோட்டங்களிலிருந்து வெள்ளியின் மதிப்பு குறித்து ஓர் ஆய்வு

1872 ஜனவரி 1 முதல் இலங்கையில் நூறு சதம் கொண்ட ரூபாக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. கையில் புழங்கியது இந்திய வெள்ளி ரூபா: 180 கிரெயின் எடை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்து லயன்களில் தாலிப்பொட்டுத் தங்கம் போக, சேமிப்பு என்றால் இந்த வெள்ளிதான். தட்டாரிடம் கொடுத்தால் அதே ரூபா உருகித் தண்டையாகும், காப்பாகும், பிள்ளைக்கு அரைஞாணாகும். செய்கூலியும் சேதாரமும் போனாலும், நகையின் எடைக்கு ஏறக்குறைய அத்தனை ரூபா மதிப்பு நின்றது.

வெள்ளியை விட்டு ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. 1870களின் தொடக்கத்தில் லண்டனில் அவுன்ஸ் 60 பென்ஸை ஒட்டியிருந்த வெள்ளி, 1893இல் 36 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. அந்த இருபது ஆண்டுகளில்தான் ஊவாவில் இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை மலையேறியது, 1886இல் ஊவா தனி மாகாணமானது. தேயிலை லண்டனில் பவுணுக்கு விலைபோனது. ஆண்களின் வழக்கமான நாட்கூலி 33 சதமாகவே நின்றது. வெள்ளி இறங்க இறங்க, அதே 33 சதம் கம்பனிக்கு வரவரக் குறைந்த பென்ஸில் முடிந்தது. அரிசி வெள்ளி புழங்கிய இந்தியாவிலிருந்தே வந்ததால், கூலியின் மதிப்பில் நேர்ந்த இந்த இழப்பு தொழிலாளியின் வயிற்றை உடனே தொடவில்லை.

நேரடி அடி 1893 ஜூன் 26இல் விழுந்தது. அன்று இந்திய நாணயச்சாலைகள், மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாவாக அடித்துத் தருவதை நிறுத்தின. சில ஆண்டுகளில் ரூபா 16 பென்ஸில் நிலைத்தது. வெள்ளியோ 1902இல் 24 பென்ஸ் அளவுக்குச் சரிந்தது. கணக்கிட்டால், ரூபாவிலிருந்த வெள்ளியின் பெறுமதி ஒன்பது பென்ஸ்கூட இல்லை. நாணயமாகவே முடிந்து வைத்தவர் தப்பினார். காலில் தண்டையாகப் போட்டிருந்தவளின் சேமிப்பில் பாதிக்குக் கிட்டக் கரைந்தது. அவளைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. தோட்ட வரலாறுகள் கூலியையும் கங்காணிக் கடனையும் பற்றி நிறையப் பேசுகின்றன. இந்த இழப்புக்கும் அங்கே ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் துணிபு.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு வெள்ளி விலை திரும்பி ஏறியபோது, 1919இல் இலங்கையின் ஐம்பது சத நாணயத்தில் வெள்ளி 80 வீதத்திலிருந்து 55 வீதமாகக் குறைக்கப்பட்டது. 1943இல் அந்த நாணயம் நிக்கல் கலந்த பித்தளையானது.

நாணயச்சாலை விட்ட இடத்தைத் தொழிற்சாலை பிடித்தது. 1999ஐ ஒட்டி உலக வெள்ளித் தேவையில் கால்பங்கு அளவு புகைப்படத் துறையினுடையது. டிஜிட்டல் கமரா வந்ததும் அது வற்றியது. இருந்தும் 2011 ஏப்ரலில் வெள்ளி அவுன்ஸ் 49 டொலரை நெருங்கியது. அப்போது விலையை ஏற்றியதில் முதலீட்டாளருக்குப் பெரும் பங்கு உண்டு. 2015இல் 14 டொலருக்கும் கீழே போனது. 2024இல் தொழில்துறை வாங்கியது சுமார் 68 கோடி அவுன்ஸ், மொத்தத் தேவையில் பாதிக்கு மேல். சோலார் தகடு அதில் பெரும் பங்காளி. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்களில் உடன்விளைவாகக் கிடைப்பது. ஆகவே விலை ஏறியவுடன் வரத்து பெருகிவிடாது. நீண்டகால முதலீட்டுக்கு இது பலமான காரணம். ஆனால் வாங்குபவரும் சும்மா இருப்பதில்லை: 2009இல் ஒரு சோலார் கலத்துக்கு அரை கிராம் அளவு தேவைப்பட்ட வெள்ளி, பத்தாண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. செம்பைக் கொண்டு வெள்ளியை விலக்கும் முயற்சியும் நடக்கிறது.

1872 முதல் 1893 வரை கூலியும் சேமிப்பும் ஒரே வெள்ளி, சேர்ந்தே இறங்கின. 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360ஐ எட்டியபோது, தோட்டத்து ஆயிரம் ரூபா நாட்கூலி அப்படியே நிற்க, கொலுசின் ரூபா விலை மேலேறியது. ஆனால் அவசரத்துக்கு வங்கி அடகு பிடிப்பது தங்கத்தைத்தான். கொலுசைக் காசாக்கப் பதுளைக் கடைத்தெருவுக்குத்தான் போகவேண்டும்; அங்கே எடைக்கு மட்டுமே விலை, வாங்கியபோது கொடுத்த செய்கூலி திரும்பாது.