அவையில் அடுத்திருப்பவர்

அரங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேடையின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். ஆடியவர் யார், பாடியவர் யார், படம் எடுத்தவர் யார் என்ற விவரங்களெல்லாம் ஏட்டில் ஏறிவிடுகின்றன. எதிரே அமர்ந்திருந்தவர்கள் எவ்வாறு அமர்ந்தார்கள், எப்பொழுது பேசினார்கள், எப்பொழுது வாய் மூடி இருந்தார்கள் என்று கேட்பார் குறைவு. ஆயினும் சபையோர் இல்லாமல் சபை ஏது? தாயகம் விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் இந்த வரலாற்றில் தனிக் கவனம் கொள்வதற்குக் காரணம் உண்டு. பல மொழியினர் தோளோடு தோள் உரச அமரும் அவைகளில்தான் நம்முடைய பொதுவாழ்வு நடைபெறுகிறது.

இந்நாளில் திரைப்பட அரங்குகளைப் பற்றி எழும் குறைகளை நாம் எல்லாரும் அறிவோம். படம் ஓடிக்கொண்டிருக்கையில் கைப்பேசி மணி ஒலிக்கிறது. எடுத்தவர் எழுந்து வெளியே செல்லாமல் இருந்த இடத்திலேயே வீட்டுக் கதை பேசுகிறார். இருளின் நடுவே ஒரு சிறு திரை பளிச்சிட்டுக் கண்ணைப் பறிக்கிறது. பின்னால் இருப்பவரின் கால் நம் நாற்காலியின் முதுகை உதைக்கிறது. கதை முடிவை முன்கூட்டியே அறிந்தவர் அதை அடுத்தவருக்கு உரக்கச் சொல்லிவிடுகிறார். “அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?” என்று முதியோர் பெருமூச்சு விடுகின்றனர். அந்தக் காலத்தில் எப்படித்தான் இருந்தது என்று சிறிது ஆராய்ந்து பார்த்தால், நாம் எதிர்பார்த்த விடைக்குச் சற்று வேறான விடை கிடைக்கிறது.

நம் நாட்டின் மிகப் பழைய நாடக இலக்கணமாகிய பரதரின் நாட்டிய சாஸ்திரம் அவையோரை மறந்துவிடவில்லை. ஒரு நாடகம் வெற்றி பெற்றதா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது என்று அந்நூலின் 27ஆம் அத்தியாயம் ஆராய்கிறது. வெற்றியை அது மானிட வெற்றி என்றும் தெய்விக வெற்றி என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. அவையோர் புன்முறுவல் செய்வதும், வாய்விட்டுச் சிரிப்பதும், ‘நன்று, நன்று’ என்று குரல் கொடுப்பதும், மெய்சிலிர்த்து இருக்கையை விட்டு எழுவதும், ஆடையையும் மோதிரத்தையும் பரிசாக வழங்குவதும் மானிட வெற்றியின் அடையாளங்கள். அரங்கம் நிறைந்திருந்தும் ஓசையும் இல்லை, குழப்பமும் இல்லை என்னும் நிலை தெய்விக வெற்றியின் அடையாளம். இவற்றோடு, நாடகத்துக்கு நேரும் இடையூறுகளையும் அந்நூல் எண்ணிச் சொல்கிறது. பகைவர் கூச்சலிடுவதும், சாணத்தையும் மண்ணாங்கட்டியையும் மேடையின்மீது எறிவதும் அந்தப் பட்டியலில் இடம் பெறுகின்றன. எறிவோர் இருந்ததனால்தான் இலக்கணம் எழுதியவர் அதைக் குறித்து வைத்தார் என்று நாம் கொள்ளலாம். ஆகவே ஒழுங்கற்ற அவையோர் நம் காலத்தின் புதுப் படைப்பு அல்லர்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நம் முன்னோர் அவையின் ஒலி முழுவதையும் குற்றம் என்று ஒதுக்கவில்லை. கலையில் தோய்ந்து எழும் குரலை வெற்றியாகவும், கலையைக் கெடுக்க எழும் குரலை இடையூறாகவும் கண்டனர். இரண்டும் ஓசையே, பிரிப்பது அதன் நோக்கம்.

தமிழ் நூல்களிலும் காண்போர்பால் கொண்ட கருத்துக்குச் சான்று இருக்கிறது. மாதவி ஆடிய அரங்கைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விரிவாக வருணிக்கிறது. 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக மேடை அமைக்கப்பட்டது. அவ்வளவோடு நில்லாமல், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகள் வைக்கப்பட்டன என்றும் இளங்கோவடிகள் கூறுகிறார். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு தூணின் நிழல்கூடத் தடையாகலாகாது என்று அரங்கம் அமைத்தவன் எண்ணினான். அடுத்திருப்பவர் கண்ணுக்குத் தம் கையிலுள்ள ஒளி தடையாகலாகாது என்று அமர்ந்திருப்பவரும் எண்ண வேண்டும் அல்லவா?

ஊர்ப்புறத்துத் தெருக்கூத்து வேறு வகையான அவையை உருவாக்கியது. விடிய விடிய நடக்கும் கூத்துக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. பாயை விரித்துப் படுத்தபடி பார்ப்போரும், நடுவில் உறங்கி முக்கியமான கட்டத்தில் எழுப்பச் சொல்வோரும், குழந்தைக்குப் பாலூட்டுவோரும் அங்கே உண்டு. கட்டியங்காரன் அவர்களோடு பேசுவான். அவர்களும் திரும்பப் பேசுவார்கள். அந்த அவையில் பேச்சு, கூத்தின் ஒரு பகுதி. ஐரோப்பாவிலும் மௌனமாக இருந்து பார்க்கும் வழக்கம் மிகப் பழையதன்று. விளக்குகள் எரியும் அரங்கில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த இசை நாடக ரசிகர்களை, ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876இல் வாக்னர் திறந்த அரங்கம் இருளில் அமர்த்தியது. அவை ஒழுக்கம் பிறவியிலேயே வருவதன்று. அரங்கின் அமைப்பும் காலத்தின் தேவையும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் முதன்முதலாகக் காட்டப்பட்டன. கட்டணம் 1 ரூபாய். சில நாள்களில் நாவல்டி அரங்குக்குக் காட்சிகள் மாறின. அங்கே 4 அணா முதல் 2 ரூபாய் வரை பல வகுப்புகள் ஏற்பட்டன. கோஷாப் பெண்டிருக்குத் தனி அறைகளும் ஒதுக்கப்பட்டன. ஒரே கூரையின்கீழ், ஒரே திரையை நோக்கி, வெவ்வேறு நிலையினர் கூடும் புதுமை அவ்வாறு தொடங்கியது. தெற்கே, திருச்சியில் ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கூத்துப் பார்த்துப் பழகிய மக்கள் அதே பழக்கத்தோடு கூடாரத்துக்குள்ளும் வந்து தரையில் அமர்ந்தனர்.

அக்காலத்துப் படங்கள் ஊமைப் படங்கள். கதையை விளக்கும் எழுத்துகள் இடையிடையே திரையில் தோன்றும். அமர்ந்திருப்போரில் படிக்கத் தெரிந்தவர் சிலரே. அந்தச் சிலர் எழுத்துகளை உரக்கப் படிப்பார்கள். மற்றவர்கள் கேட்டு மகிழ்வார்கள். அரங்கத்தார் அமர்த்திய விளக்கவுரையாளரும் திரைக்கு அருகே நின்று கதை சொல்வதுண்டு. இன்று நாம் எதைக் குற்றம் என்கிறோமோ, அதாவது படத்தின் நடுவே உரக்கப் பேசுவது, அது அன்று அண்டை வீட்டாருக்குச் செய்த உதவியாக இருந்தது.

1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் ‘ஆலம் ஆரா’ வெளிவந்தது. இந்தியப் படம் வாய் திறந்து பேசிற்று. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. தமிழின் முதற் பேசும்படம் எனப்படும் அதில் டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, உடன் நடித்தவர் தெலுங்கில் பேசினார். பல மொழியினர் கூடிப் பார்க்கும் அவைக்குப் பொருத்தமான தொடக்கம்தான்! திரை பேசத் தொடங்கியதும், அடுத்திருப்பவரின் பேச்சு உதவி என்னும் நிலையிலிருந்து தடை என்னும் நிலைக்கு மாறிவிட்டது. ஆனால் முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறுமா? பேச்சு நீடித்தது, அதன் காரணம் மட்டும் மறைந்துவிட்டது.

‘ஆலம் ஆரா’ வெளியான நாளைப் பற்றி, அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் கூட்டாளி அப்துல்லலி யூசுபலி பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி ஒன்று உண்டு. விடியற்காலையிலிருந்தே மக்கள் திரண்டனர். வரிசையில் நிற்கும் வழக்கம் அன்று படம் பார்ப்போருக்குத் தெரியாது. சீட்டு விற்கும் அறையை முட்டி மோதி முற்றுகையிட்டனர், போக்குவரத்து நின்றது, போலீசாரை அழைக்க நேர்ந்தது. கள்ளச் சந்தையில் 4 அணாச் சீட்டு 4, 5 ரூபாய்க்கு விலைபோயிற்று. நாம் இன்று இயல்பென்று கருதும் ‘கியூ’ வரிசைகூட நாம் கற்றுக்கொண்ட ஒன்றே என்பது இதனால் விளங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசை நகரத்தாருக்கு ஒரு பாடசாலையாயிற்று.

அரங்குக்கு வெளியிலும் இதே நிலைதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள், 1917 செப்டம்பர் 12ஆம் நாள் பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணாவுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி மெயில் வண்டியில் ஏறினார். 22 பேருக்கான பெட்டியில் பெரும்பகுதிப் பயணத்தின்போது 35 பேர் வரை அடைந்திருந்தனர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பத்திரிகைகளுக்கு எழுதியபோது, ரயில்வேயாரின் அலட்சியத்தைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நினைத்த இடத்தில் துப்புவதையும், எந்நேரமும் புகைபிடிப்பதையும், கூச்சலிடுவதையும், சக பயணிகளைப் பொருட்படுத்தாமையையும் ஒளிவின்றி எழுதினார். அதற்கு அவர் கண்ட மருந்துகளில் ஒன்று, படித்தவர்கள் தாமே விரும்பி மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, உடன் வருவோரின் பழக்கங்களைத் திருத்த வேண்டும் என்பது. விலகி நின்று பழிப்பதைவிட உடனிருந்து திருத்துவதே அவர் காட்டிய வழி.

வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம் முந்திய தலைமுறைக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி என்பது ஒரு திருவிழா. வாரம் முழுதும் பிறமொழியில் பேசிக் களைத்தவர்கள், இரண்டரை மணி நேரம் தாய்மொழி கேட்கப் போனார்கள். அங்கே ஊர்க்காரரைக் கண்டார்கள். கல்யாணப் பேச்சு நடந்தது. கடிதம் வராத கவலை பகிரப்பட்டது. அவர்கள் பேசியதை நாம் குறை கூற மனம் வரவில்லை. ஆனால் அதே அரங்கில், நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு வசனத்தைத் தமிழில் கேட்க வந்து, அருகிலிருந்தவர் பேச்சால் அதைத் தவறவிட்டவரும் இருந்திருப்பார். அவருடைய இழப்பும் ஓர் இழப்பே. நம் சங்கீத சபைகளிலும், மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்கிறது. சிற்றுண்டிக்கு எழுபவருக்கு அது சிறு செயல். பல்லாண்டு பயின்ற வித்துவானுக்கு அது எப்படி இருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு நாட்டின் முதற் கைப்பேசி உரையாடல் நடந்தது. 1997இல் டில்லி சாகேத்தில் பல திரைகள் கொண்ட அரங்கம் ஒன்று திறக்கப்பட்டு, புது மாதிரி அரங்குகளுக்கு வழிகாட்டிற்று. இருக்கை மெத்தையாயிற்று, சீட்டுக்கு முட்டி மோத வேண்டிய தேவையும் நாளடைவில் குறைந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தலுக்கான தடை நாடு முழுவதும் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. படக்கருவியின் ஒளிக்கற்றையில் புகை சுருண்டு எழும் காட்சி இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. தீராப் பழக்கம் என்று கருதப்பட்ட ஒன்று நம் கண்முன்னேயே தீர்ந்தது. கைப்பேசிப் பழக்கமும் தீரக்கூடியதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கைப்பேசியில் பேசுபவருக்கும், ஊமைப்படத்தின் எழுத்தைப் படித்துச் சொன்னவருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைக்க வேண்டும். இருவரும் அரங்கில் உரக்கப் பேசியவர்களே. பழையவர் பக்கத்தில் இருந்தவருக்காகப் பேசினார். இன்று பேசுபவர் தொலைவில் இருப்பவரோடு பேசுகிறார். பக்கத்தில் இருப்பவர் அவர் நினைவில் இல்லை. கதாநாயகன் தோன்றும்போது எழும் சீழ்க்கையையும் கரவொலியையும் பரத முனிவர் மானிட வெற்றியில் சேர்த்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவரை மறப்பது எந்த வெற்றியிலும் சேராது.

அந்த மறதியின் கொடிய எல்லையையும் நாம் கண்டுவிட்டோம். 2024 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, ஐதராபாத்தில் புதுப்படம் ஒன்றின் முன்காட்சிக்குத் திரண்ட கூட்ட நெரிசலில் ஒரு பெண்மணி உயிரிழந்தார். உடன் வந்த அவருடைய மகன் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். பொறுப்புடையவர் யார் என்பதை வழக்கு மன்றம் ஆராயும். ஆனால் 1931இல் மெஜஸ்டிக் வாசலில் முட்டி மோதிய கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையே 93 ஆண்டுகள் கடந்திருக்கின்றன என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். படம் பார்க்க ஆசைப்பட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தாய், அவசரப்படும் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனார்.

திருவள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அவையின் தன்மை அறிந்து பேசுமாறு சொல்வோருக்கு அறிவுறுத்தினார். அவையை அறியும் கடமை அவையில் அமர்ந்திருப்போருக்கும் உண்டு. அதற்குப் பெரிய முயற்சி வேண்டியதில்லை. படம் தொடங்குமுன் கைப்பேசியின் ஒலியை அடக்கலாம். வரிசையில் முன்னிற்கும் முதியவருக்கு ஓர் அடி இடம் விடலாம். அடுத்த நாற்காலியில் அமரும் வங்காளியோ பஞ்சாபியோ மராத்தியரோ தமிழ்ப் படத்தை அடியெழுத்துகளின் துணையால் பார்க்க வந்திருந்தால், அவர் கண்ணுக்குத் தடையாக எழுந்து நிற்காதிருக்கலாம். நம் மொழியின் கலையைக் காண வந்த அந்த விருந்தினர், திரையோடு சேர்த்து நம்மையும் பார்த்துச் செல்கிறார்.