டைட்டில் இசை காலமானது

தொலைக்காட்சித் தொடர்களின் டைட்டில் இசை காலமாகிவிட்டது. நாள், நட்சத்திரம் குறித்துச் சொல்ல முடியாது. தனியார் சேனல்களில் விளம்பரத்துக்கு இடம்விட்டே பாதி இளைத்திருந்தது. 2017-ல் நெட்ஃபிளிக்ஸ், டைட்டிலைத் தாண்டிப்போக 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தானைக் கொண்டுவந்த பிறகு படுத்த படுக்கைதான்.

அது வாழ்ந்த வாழ்வுக்கு 'மால்குடி டேஸ்' ஒன்று போதும். 1986-ல் தூர்தர்ஷனில் அந்த இசை கேட்டால், தெருவில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிவருவார்கள். ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகள், திரையில் அவர் தம்பி லக்ஷ்மணின் கோட்டோவியங்கள், பேச்சு இந்தி, இயக்கியவர் பெங்களூரின் கன்னட நட்சத்திரம் சங்கர் நாக், இசை தமிழர் எல். வைத்தியநாதன். இத்தனை மொழிகள் கூடிய இடத்தில் அவர் எந்த மொழியையும் தொடாமல், சொல்லில்லாத ஒரு முனகலை வைத்தார். புத்திசாலி! மறு வருடம் வந்த, பெங்களூரில் எடுத்த, வசனமே இல்லாத 'பேசும் படம்' என்ற நகைச்சுவைப் படத்துக்கும் இசை அவர்தான்.

'மால்குடி டேஸ்' வருவதற்கு இருபது வருடம் முன்பே மேல்நாட்டில், பிள்ளைகளைத் திரைக்கு இழுக்கும் இதே வேலையை எலக்ட்ரிக் கிடார் பார்த்தது. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு இளைஞர்கள் கொண்டாடிய சர்ஃப் ராக்கில் பெரும்பகுதி பாட்டில்லாத இசை. 1966-ல் வந்த 'பேட்மேன்' தொடருக்கு நீல் ஹெஃப்டி போட்ட டைட்டிலில் அந்தக் கிடாரின் வாடை பலமாக அடிக்கும். 1964-ன் பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொடர் 'ஸ்டிங்ரே'யை பாரி கிரே டிரம்ஸை அதிரவிட்டுத் தொடங்கினார். வேறு வழியில்லை. பொம்மையின் முகத்தில் பதற்றம் காட்ட முடியாது. இசைதான் அதற்கும் சேர்த்து நடிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சர்ஃப் ராக் என்றதும் நினைவுக்கு வருவது கிடார் கலைஞர் டிக் டேல் 1962-ல் வாசித்த 'மிசர்லூ'. கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துப் பழைய மெட்டு. அதன் சுரங்களை வரிசைப்படுத்தினால் நம் மாயாமாளவகௌளை! பிள்ளைகளின் முதல் பாடத்துக்குப் புரந்தரதாசர் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் ராகம். பெங்களூர் பசவனகுடியில் சரளி வரிசை பாடும் குழந்தையும் கலிஃபோர்னியாக் கிடாரும் ஒரே சுரப்படியில்தான் ஏறி இறங்குகின்றன.

சங்கர் நாக் 1990-ல், 35 வயதில், கார் விபத்தில் போனார். 'ஆட்டோ ராஜா'வாக நடித்தவர் என்பதால் பெங்களூர் ஆட்டோக்களில் இன்றும் அவர் படம் உண்டு. வைத்தியநாதன் 2007-ல் மறைந்தார். அவர் படம் எந்த ஆட்டோவிலும் இல்லை. முனகல் மட்டும் சிலரது ரிங்டோனாக மிஞ்சியிருக்கிறது.

டைட்டில் இசைக்கு நோயைக் கொண்டுவந்தது நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி என்றாலும், பொத்தானை அழுத்தியவர்கள் நாம். பெயர்கள் ஓடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் குழந்தை கதைக்குள் வந்து உட்காரும். அந்த நேரத்தை மிச்சம்பிடித்து நாம் எதையும் சாதித்துவிடவில்லை. அடுத்த முறை பிள்ளைகளோடு 'மால்குடி டேஸ்' பார்க்க உட்கார்ந்தால், டைட்டிலை முழுதாக ஓடவிடுங்கள்.