விலை உயர்ந்த கேமராவும் நம் மலைப் பனியும்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, என் அண்ணன் மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். தோளில் கேமராப் பை தொங்கியது. ஆனால் பை காலி.

இங்கே தேவனூர் நாட்டிலும், கீழே சேந்தமங்கலம் பக்கத்திலும் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன் அவன். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பெரிய கேமரா ஒன்று வாங்கியிருந்தான். ஆவணி முகூர்த்தத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் மாட்டிக்கொண்டது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்று சர்வீசுக்கு அனுப்பினான். நாற்பது நாள் கழித்தும் "உதிரி பாகம் வரவில்லை" என்ற ஒரே பதில்தான்.

"இவ்வளவு விலை போட்டு வாங்கினது எப்படி சித்தப்பா கெட்டுப்போகும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஆக்ஃபா கிளிக்-3 நினைவிருக்கும். பரோடாவில் தயாரான கேமரா. 120 ஃபிலிம் போட்டால் 12 படம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமும் அப்போது கடைகளில் கிடைத்தது. ஸ்டூடியோக்காரர்களிடம் இரட்டை லென்ஸ் யாஷிகா இருக்கும். அவற்றுக்குள் இருந்ததெல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். கைத்திறன் உள்ள மெக்கானிக் ஒருவர் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கேமராக்களுக்கு நம் மலையில் இருந்த ஒரே பகை ஈரம்தான். மார்கழிப் பனியில் தோல் உறையோடு பீரோவில் வைத்த என் கேமராவின் லென்சில், சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்துவிட்டது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அது கேமராவின் குற்றம் அல்ல, என் குற்றம்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் கதை மாறியது. உள்ளே ஃபிலிமுக்குப் பதில் சென்சார், அதைச் சுற்றி மின்னணுச் சுற்றுகள். கோளாறு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

2005 அக்டோபரில் முதல் பெரிய அதிர்ச்சி வந்தது. சோனி தயாரித்த சென்சார்கள் பலவற்றில், சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இணைப்பு விட்டுப்போனது. படம் கோணலாக விழும், அல்லது விழவே விழாது. அந்தச் சென்சாரைக் கேனான், நிக்கான், ஃபியூஜி, ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா என்று பலரும் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். பெட்டியின் மேல் பெயர் எதுவானாலும் உள்ளே உறுப்பு ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனங்கள் அறிவித்தன. அடுத்த ஆண்டே, 2006-ல், கோனிகா மினோல்டா கேமராத் தொழிலையே விட்டுவிட்டது. அதன் வாடிக்கையாளர்கள் பழுது பார்க்கச் சோனியிடம் போக வேண்டியதாயிற்று.

சரி, அதெல்லாம் சின்னக் கேமரா என்று நினைக்கலாம். 2007-ல் கேனான், பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காக ஈஓஎஸ் 1டி மார்க் 3 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. நொடிக்கு 10 படம் எடுக்கும். ஆனால் நல்ல வெயிலில், ஓடும் ஆளின் மேல் குவியம் நிற்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ராப் கால்பிரைத் என்ற புகைப்படக்காரர் பல சோதனைகள் செய்து, படங்களோடு வெளியிட்டார். அந்த ஆண்டின் இறுதியில், உள்ளே இருக்கும் துணைக் கண்ணாடியில் திருத்தம் தேவை என்று நிறுவனமே அறிவித்துச் சரிசெய்து கொடுத்தது.

2012-ல் வந்த நிக்கான் டி600-ல் வேறு தொல்லை. ஷட்டர் இயங்க இயங்க, சென்சாரின் மேல் தூசியும் எண்ணெய்ப் புள்ளியும் விழுந்தன. வெளுத்த வானத்தைப் படம் எடுத்தால் கரும்புள்ளிகள் தெரியும். துடைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். 2013-ல் புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014 பிப்ரவரியில்தான், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம், நுகர்வோர் நாளன்று சீனத் தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியதும், ஷாங்காயில் அந்தக் கேமரா விற்கத் தடை விதித்தார்கள்.

இவற்றையெல்லாம் விட விலை உயர்ந்தது ஜெர்மனியின் லைக்கா எம்9. 2009-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 7,000 டாலர், அதுவும் லென்ஸ் இல்லாமல். அதன் சென்சாரின் மேல் உள்ள கண்ணாடியையே ஈரம் அரித்தது. வயது பார்க்காமல் சென்சாரை மாற்றித் தருவதாக 2014-ல் அறிவித்தார்கள். பிறகு அதற்கு வரம்பு வைத்தார்கள். 2020-ல் மாற்றுவதற்குச் சென்சாரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, அதிக விலை கொடுத்தால் நல்ல படம் கிடைக்கலாம், நீண்ட ஆயுள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டி600-ன் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது என்றார்கள். கேட்கப் பெரிய எண்தான். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 50 கல்யாணத்தோடு சரி. இரண்டாவது, தேதியோடும் படத்தோடும் பலர் சேர்ந்து கேட்டபோதுதான் நிறுவனங்கள் இறங்கி வந்தன. மூன்றாவது, உதிரி பாகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கேமராவின் உயிர். 2012-ல் நிக்கான் அமெரிக்காவில் வெளிக் கடைகளுக்கு உதிரி பாகம் விற்பதை நிறுத்தியது. திறமையான மெக்கானிக் இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை.

நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், 'பழுது பார்க்கும் உரிமை'க்காக மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு வழக்குப் போட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளுக்கு அந்தத் தடை இல்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, அவனை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, பழுதான தேதி, சர்வீசில் ஒப்படைத்த தேதி, ரசீது எண். பதிவுத் தபாலில் அனுப்பினோம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தான். கார்த்திகையில் புது ஷட்டரோடு கேமரா வந்து சேர்ந்தது. காசு கேட்கவில்லை. ஆனால் கைவிட்டுப்போன மூன்று கல்யாணமும் வட்டியும் அவன் கணக்கில்தான்.

இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கேமராவை வைக்கிறான். கல்யாணத்துக்கு இரவல் கேமரா ஒன்றையும் கூடவே எடுத்துப் போகிறான். ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்று நோட்டில் குறித்து வைக்கிறான்.

அந்த ஆவணிக் கல்யாணத்தில் தாலி கட்டிய படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பந்தலில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையன் செல்போனில் எடுத்தது. கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஆல்பத்தில் முதல் பக்கத்தில் ஒட்டியிருப்பது அதைத்தான்.