நிழல் காட்டும் செங்கோணம்

பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. காந்த ஊசியின்றித் திசை காணும் முறையைப் பழைய சிற்ப நூலான மயமதம் கூறுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1970-இல் இந்நூலைப் பதிப்பிக்கத் தொடங்கியது.

சமன்செய்த தரையில் வட்டமிட்டு, மையத்தில் சங்கு எனும் முளையை நடவேண்டும். முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு-மேற்குக் கோடு கிடைக்கும். அப்புள்ளிகளிலிருந்து கயிற்றால் சம அளவில் வட்டங்கள் வரைந்தால் மீன் வடிவம் தோன்றும். அதன் தலையையும் வாலையும் சேர்ப்பது வடக்கு-தெற்குக் கோடு.

இவை செங்குத்தாவது ஏன்? நிழல்கள் இரண்டும் ஒரே வட்டத்தின் ஆரங்கள். எனவே சமநீளமுள்ள வெக்டர்கள். அவற்றின் கூடுதல் வடக்கு-தெற்காகவும், வித்தியாசம் கிழக்கு-மேற்காகவும் அமையும். நிழல்கள் (5, 0), (3, 4) எனக் கொள்வோம். கூடுதல் (8, 4). வித்தியாசம் (2, −4). ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டினால் 16 − 16 = 0. இதுவே உட்பெருக்கம். அது சுழியானால் கோணம் செங்கோணம்.

1844-இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் கிராஸ்மன் பல பரிமாண வெளிகளுக்கு வழி திறந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹில்பர்ட், ஷ்மிட் ஆகியோர் சார்புகளுக்கும் செங்குத்தை விரிவாக்கினர். அங்கே வரைவதற்குத் தரையில்லை. ஆயினும் விதி அதுவே. பாகூர் மாணவர் தம் பள்ளி முற்றத்தில் ஒரு முளையும் கயிறும் கொண்டு அதன் தொடக்கத்தைக் காணலாம்.