முகத்தின்மேல் வரைவோர்: ஃபில்டர் கலையின் ஒரு குறுவரலாறு

"ஃபில்டர் செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன், எந்த மென்பொருளில் தொடங்கலாம்?" ஊடகவியல், காட்சித் தொடர்பியல், கணினியியல் பயிலும் மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் வினா இது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம்: ஸ்பார்க் ஏஆர். அம்மென்பொருள் இன்று இல்லை. 2025 ஜனவரி 14 அன்று மெட்டா நிறுவனம் அதனை மூடியது. உலகெங்கும் தனியாட்களும் சிறு குழுக்களும் அதில் ஆக்கிய விளைவுகள் அனைத்தும் அன்றே இன்ஸ்டகிராமிலிருந்தும் ஃபேஸ்புக்கிலிருந்தும் நீங்கின. நிறுவனம் தானே ஆக்கிய விளைவுகள் மட்டும் எஞ்சின.

ஆகவே, 'எங்கே தொடங்குவது' என்னும் வினாவுக்கு மென்பொருளின் பெயரை விடையாகச் சொல்வது போதாது. இக்கலையில் எது நிலைத்தது, எது மறைந்தது, ஏன் மறைந்தது என்பதை அறிந்த பின்னரே பயனுள்ள விடை கிடைக்கும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம்; மொழியியல் பயின்றவர்க்கு அதுவே இயல்பு. ஒளிப்படக் கலையில் ஃபில்டர் என்பது வில்லையின் முன் பொருத்தும் நிறக் கண்ணாடி. அது ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்து மற்றதை உள்ளே விடும். தமிழில் 'வடிகட்டி' என்று பெயர்த்தால் பொருள் சற்றும் சிதையாது. 2010 அக்டோபரில் வெளிவந்த இன்ஸ்டகிராம், ஒளிப்படத்தின் நிறத்தையும் ஒளிர்வையும் மாற்றும் வசதிக்கு இதே பெயரை இட்டது. செயல் கணினிக்கு மாறியதேயன்றிப் பொருள் பெரிதும் மாறவில்லை. ஆனால் முகத்தில் நாய்க்காது முளைக்கச் செய்யும் வசதியையும் மக்கள் ஃபில்டர் என்றே அழைத்தனர். ஸ்னாப்சாட் நிறுவனம் 'லென்ஸ்' என்றது. ஃபேஸ்புக் 'எஃபெக்ட்' என்றது. வழக்கில் வென்றது பழைய பெயரே. வடிகட்டுவது கழிக்கும் செயல். இதுவோ கூட்டும் செயல். பெயர் நிலைத்து, செயல் தலைகீழானது. இப்பெயர் ஒன்றை மறைக்கவும் செய்கிறது. நிறத்தை மாற்றுவதற்கு முகம் என்றால் என்னவென்று கணினி அறியத் தேவையில்லை. காதைப் பொருத்துவதற்கு அறிந்தே ஆகவேண்டும். அவ்வறிவு யாரிடம் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் மையம்.

ஆக்மெண்டட் ரியாலிட்டி, அதாவது தமிழில் மிகைமெய் என்று வழங்கும் தொழில்நுட்பம், கைப்பேசிக்கு மிக மூத்தது. 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் காட்சிக்கருவி ஒன்றை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கை ஒன்று அணிந்தவரின் தலையசைவை அளந்தது. அதற்கேற்ப, கோடுகளாலான வடிவங்கள் அறையின் வெளியில் மிதப்பதுபோல் தோன்றின. அச்சொற்றொடர் பிறந்தது 1990களின் தொடக்கத்தில், போயிங் நிறுவனத்தில். விமானங்களுக்கான மின்கம்பித் தொகுப்புகளைப் பின்னும் தொழிலாளர்களுக்கு வழிகாட்டும் வரைபடத்தை அவர்களது பார்வைக்குள்ளேயே காட்ட முயன்ற டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் அதனை வழக்கில் கொணர்ந்தனர். 1997இல் ரொனால்ட் அசூமா தம் ஆய்வுத் தொகுப்புக் கட்டுரையில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: மெய்யும் புனைவும் ஒன்றாகக் கலத்தல், அக்கணமே எதிர்வினை புரிதல், முப்பரிமாணத்தில் இடம் பொருந்தி நிற்றல். இவ்வளவுகோலின்படி நிறம் மாற்றும் வசதி மிகைமெய் ஆகாது. தலை திரும்பினால் கூடவே திரும்பும் நாய்க்காது ஆகும்.

1999இல் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ஹிரோகாசு காட்டோ, மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் ஆகியோரின் உழைப்பில் ஏஆர்டூல்கிட் என்னும் நிரல் தொகுப்பு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. தாளில் அச்சிட்ட கறுப்புச் சதுரம் ஒன்றை ஒளிப்படக்கருவி கண்டதும், அதன் நான்கு மூலைகள் திரையில் விழும் இடங்களைக் கொண்டு கருவியின் கோணத்தையும் தொலைவையும் கணித்து, சதுரத்தின்மேல் ஒரு முப்பரிமாண உருவை நிறுத்தும். கணினி, வெப்கேமரா, அச்சிட்ட தாள் ஆகியவை போதுமாயின. நிரலின் மூலமும் திறந்தே தரப்பட்டது. விமான நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்த ஒரு கலை, மாணவரின் மேசைக்கு வந்தது.

சதுரத்தைக் காண்பது எளிது. முகத்தைக் காண்பது கடினம். 2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் இருவரும் முன்வைத்த முறை அக்கடினத்தைத் தளர்த்தியது. கண்பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும். மூக்குத்தண்டு இருபுறக் கண்களைவிட வெளிறியிருக்கும். இத்தகைய எளிய ஒளி வேறுபாடுகள் பலவற்றை அடுத்தடுத்துச் சோதித்து, முகமல்லாத பகுதிகளை விரைந்து தள்ளிவிடுவதே அம்முறை. முகம் இருக்கும் இடத்தை அது சொல்லும். இமையும் உதடும் தாடையும் எங்கே என்று சொல்லாது. அப்பணிக்கு, மான்செஸ்டரில் டிம் கூட்ஸும் கிறிஸ் டெய்லரும் 1990களில் வளர்த்த வடிவ மாதிரிகள் வழிகாட்டின. பல முகங்களில் புள்ளிகளைக் கையால் குறித்து, அவற்றின் சராசரியையும் சராசரியிலிருந்து முகங்கள் வேறுபடும் விதங்களையும் கணித்து, புதிய முகம் எதிர்ப்படும்போது அச்சராசரியை வளைத்துப் பொருத்துவது அம்முறையின் சாரம்.

கைப்பேசிகளின் கணிப்பாற்றல் இவற்றை எட்டியபோது வணிகம் நுழைந்தது. உக்ரைனின் ஒடெசாவில் வேரூன்றிய லுக்சரி நிறுவனத்தை ஸ்னாப்சாட் வாங்கி, 2015 செப்டம்பரில் 'லென்ஸ்' வசதியை வெளியிட்டது. வாயைத் திறந்தால் வானவில் கொட்டும் காட்சி அதன் முதல் அடையாளமாயிற்று. 2016 மார்ச்சில், பெலாரசில் உருவான எம்எஸ்கியூஆர்டி செயலியை ஃபேஸ்புக் வாங்கியது. பல்கலைக்கழகக் கட்டுரைகளில் வளர்ந்த முகக் கணிதம், இவ்வாறு இரு நிறுவனங்களின் செயலிகளுக்குள் குடிபுகுந்தது.

அதுவரை ஃபில்டர்களை ஆக்கியவர்கள் அந்நிறுவனங்களின் ஊழியர்களே. 2017 ஏப்ரலில் ஃபேஸ்புக் ஏஆர் ஸ்டூடியோவை அறிவித்தது. பின்னர் ஸ்பார்க் ஏஆர் என்றானது இதுவே. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்னாப் நிறுவனம் லென்ஸ் ஸ்டூடியோவை வெளியிட்டது. 2019 ஆகஸ்டில் இன்ஸ்டகிராமுக்கான ஆக்கம் அனைவருக்கும் திறக்கப்பட்டது. தொடங்குவது மெய்யாகவே எளிதாயிருந்தது. முகத்தைப் பின்தொடரும் கருவியைக் காட்சியில் இடவேண்டும். அதன்கீழ் முக வலையை இடவேண்டும். பின்புலம் நீக்கிய ஓவியத்தை அவ்வலையின்மேல் போர்த்த வேண்டும். வாய் திறத்தல், புருவம் உயர்த்தல் போன்ற அசைவுகளுக்கு எதிர்வினை வேண்டுமாயின், நிரல் எழுதாமலேயே கட்டங்களைக் கோடுகளால் இணைத்தால் போதும். நிறுவனத்தின் மேற்பார்வைக்கு அனுப்பி இசைவு பெற்றால், பெயரறியா மாணவர் ஒருவரின் ஓவியம் உலகின் எந்த மூலையிலும் ஒருவரது முகத்தில் ஏறும். அதே ஆண்டு அக்டோபரில், ஒப்பனை அறுவைச் சிகிச்சையைச் சித்திரிக்கும் விளைவுகளை நீக்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அம்முடிவின் நோக்கம் நன்றே. ஆயினும் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பதையும் அது காட்டிற்று.

இந்தியாவில் இக்கதைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டன; அடுத்த மாதமே இன்ஸ்டகிராம் ரீல்ஸ் இங்கு அறிமுகமானது. டிக்டாக் 2022இல் ஆக்குநர்களுக்குத் திறந்த எஃபெக்ட் ஹவுஸ் என்னும் வாயில், செயலியே இல்லாத இந்நாட்டில் பயனற்றதாயிற்று. அதே 2020 ஜூலையில், நடுவண் இடைநிலைக் கல்வி வாரியமாகிய சிபிஎஸ்இ ஃபேஸ்புக்குடன் இணைந்து மிகைமெய்ப் பயிற்சியை அறிவித்தது. முதற்கட்டத்தில் 10,000 ஆசிரியர்கள், அடுத்த கட்டத்தில் 30,000 மாணவர்கள் என்பது இலக்கு. பயிற்சிக்குரிய மென்பொருள் ஸ்பார்க் ஏஆர் ஸ்டூடியோ. பள்ளியில் மிகைமெய் கற்பிக்க முன்வந்தது பாராட்டத் தக்கதே. எனினும் காலக்கணக்கைப் பாருங்கள்: அறிவிப்புக்கும் அம்மென்பொருளின் மறைவுக்கும் இடையே நான்கரை ஆண்டுகள். அன்று எட்டாம் வகுப்பிலிருந்த மாணவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள்ளாகவே, கற்ற கருவியே இல்லாமற்போனது.

மூடல் அறிவிப்பு வந்தது 2024 ஆகஸ்ட் 27 அன்று. அவகாசம் ஐந்து மாதத்திற்கும் குறைவு. ஒரு விளைவைக் கொண்டு எடுத்த காணொளி எஞ்சலாம். அவ்விளைவு இனி இயங்காது. நாடகத்தின் ஒளிப்படம் கையிலிருக்க, நாடகம் நிகழ்த்த முடியாமற்போவதை ஒத்தது இது. 2019க்கும் 2025க்கும் இடைப்பட்ட வெகுமக்கள் காட்சிப் பண்பாட்டை ஆராயப்போகும் வரலாற்றாசிரியருக்கு முதன்மைச் சான்று இல்லை என்பதே இதன் பொருள்.

இத்துடன் ஏஆர்டூல்கிட்டின் பிற்கால வரலாற்றை ஒப்பிட வேண்டும். 2015இல் அதனை டாக்ரி என்னும் நிறுவனம் கையகப்படுத்தியது. திறமூல உரிமத்தில் மீண்டும் வெளியிட்டது. 2019இல் டாக்ரியே மூடப்பட்டது. நிரல் சாகவில்லை. ஏஆர்டூல்கிட்எக்ஸ் என்னும் பெயரில் அது தொடர்கிறது. அதன் வழித்தோன்றலை அடிப்படையாகக் கொண்டு 2017இல் எழுந்த ஏஆர்.ஜேஎஸ், இணைய உலாவியிலேயே கறுப்புச் சதுரத்தின்மேல் உருவை நிறுத்துகிறது. இரு கருவிகளும் நிறுவனங்களின் கைக்குச் சென்றவை. ஒன்றன் நிரல் பிறர் கையிலும் இருந்தது. மற்றதன் நிரல் உரிமையாளரிடம் மட்டுமே இருந்தது. பிழைத்ததற்கும் மறைந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. தொழில்நுட்பத் தரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.

திறந்த நிரலுக்கு இன்னொரு பயன் உண்டு. சராசரி முகம் என்று முன்னர்ச் சொன்னேன். யாருடைய முகங்களின் சராசரி அது? 2017இல் ஃபேஸ்ஆப் செயலியின் 'அழகாக்கும்' ஃபில்டர் தோலை வெளுக்கச் செய்தது; பயிற்சித் தரவின் சாய்வே காரணம் என்று கூறி அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2018இல் ஜாய் பூலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும், முகத்தைக் கொண்டு பாலினம் கணிக்கும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிறிய தோலுடைய ஆண்களிடம் மிகுதியான பிழை விழுக்காடு 0.8, கருநிறத் தோலுடைய பெண்களிடம் அது 34.7 வரை சென்றது. அவர்கள் வெளியிலிருந்து சோதித்தார்கள். உள்ளே நோக்க வழியில்லை. கருவி நம் கையிலிருந்தால், நம் வகுப்பிலுள்ள முகங்களை வைத்து நாமே முதலில் சோதிக்கலாம்.

இனி அந்த முதல் வினாவுக்கு வருவோம். தொடங்க விரும்பும் மாணவர்க்கு இவ்வரலாறு தரும் வரிசை இது.

ஒன்று, முகப்புள்ளிகளிலிருந்து தொடங்குக. 2019இல் கூகுள் திறமூலமாக வெளியிட்ட மீடியாபைப், சாதாரணக் கைப்பேசிக் கேமராவின் படத்திலிருந்து 468 முகப்புள்ளிகளைக் கணிக்கிறது, உலாவியிலும் இயங்கும். நெற்றியின் ஒரு புள்ளியைத் தெரிந்துகொண்டு அங்கே ஒரு பொட்டு வரைந்து பாருங்கள். தலை சாயும்போது பொட்டு எப்போது நழுவுகிறது, மங்கிய ஒளியில் எவ்வளவு நடுங்குகிறது, யார் முகத்தில் பொருந்தாமற்போகிறது என்று குறித்துவையுங்கள். அசூமாவின் மூன்றாம் நிபந்தனை அப்போதுதான் விளங்கும்.

இரண்டு, எம்மென்பொருளுக்கும் பொதுவான அறிவைக் கற்க. முப்பரிமாண முகத்தை விரித்துத் தட்டையாக்கி அதன்மேல் ஓவியம் வரைதல். பிளெண்டர் போன்ற கட்டற்ற மென்பொருளில் எளிய உருக்களைச் செய்தல். மூக்குக்கண்ணாடியின் காம்பு காதுக்குப் பின்னே மறைவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத தலையுரு ஒன்றை இடையில் வைத்தல். நொடிக்கு 30 படங்கள் ஓடினால் ஒரு படத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 33 மில்லிநொடியே என்பதை உணர்ந்து கோப்பின் எடையைக் குறைத்தல். ஸ்பார்க் மறைந்த பின்னும் இவற்றைக் கற்றவர் எதையும் இழக்கவில்லை.

மூன்று, அதன்பின் நிறுவன மென்பொருளுக்குச் செல்க. லென்ஸ் ஸ்டூடியோ இலவசமாகக் கிடைக்கிறது; பார்வையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். பயன்படுத்துவதில் தவறில்லை. அது வாடகை வீடு என்பதை மறவாதிருந்தால் போதும்.

நான்கு, மூலங்களைச் சேமிக்க. அடுக்குகள் கலையாத ஓவியக் கோப்பு, ஜிஎல்டிஎஃப் போன்ற பொது வடிவத்தில் முப்பரிமாண உரு, மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும் நாளும் எழுதிய குறிப்பு, வெவ்வேறு முகங்களில் அது இயங்குவதைக் காட்டும் சிறு காணொளி ஆகிய நான்கும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாணவர்கள் 2019 முதல் ஆக்கிய ஃபில்டர்களின் மூலக் கோப்புகள் இன்னும் பழைய மடிக்கணினிகளில் கிடக்கின்றன. இயக்கும் மென்பொருள் போய்விட்டாலும், ஓவியங்களும் உருக்களும் இணைப்பு வரைபடங்களும் படிக்கத்தக்கவையே. வன்தட்டு பழுதடைவதற்கு முன் அவற்றைக் கேட்டுப் பெற்று, ஆக்கியவரின் இசைவோடு துறை நூலகத்தில் வைக்கலாம். ஆய்வேட்டை ஏற்கும் நூலகம் இதனையும் ஏற்பதற்குத் தேவை ஒரு தீர்மானமும் ஓர் அடுக்கும் மட்டுமே.