அர்த்தமற்ற அசைகளும் பைரனும்

ஒரு கவிதை ‘மனதில் நிற்கிறது’ என்று விமர்சனத்தில் சுலபமாக எழுதிவிடுகிறோம். எத்தனை நாள் நிற்கிறது, எந்த அளவுக்கு நிற்கிறது, போய்விட்ட பிறகு மிஞ்சுவது என்ன என்று யாராவது கேட்டால் அவரை ரசனையற்றவர் என்று ஒதுக்கிவிடுவோம். இந்தக் கேள்விகளைத் தன்னையே கேட்டுக்கொண்டு, பதிலுக்காக மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் (1850–1909) என்ற ஜெர்மானியர். மனோதத்துவ சரித்திரங்களில் அவருக்கு ஒரு பாரா உண்டு. அதில் அவர் ‘அர்த்தமற்ற அசை’களைக் கண்டுபிடித்தவர். அவர் பைரனையும் மனப்பாடம் செய்தார் என்ற விஷயத்துக்கு அந்தப் பாராவில் இடம் இருப்பதில்லை. என் அக்கறை அதில்தான்.

1860இல் ஃபெக்னர் தன் மனோபௌதிக நூலில், புலனுணர்வை அளக்க முடியும் என்று காட்டியிருந்தார். வெளிச்சம் எவ்வளவு கூடினால் கூடியதாகத் தெரிகிறது, எடை எவ்வளவு ஏறினால் ஏறியதாகப் படுகிறது என்ற அளவில் அது நின்றது. நினைவு, சிந்தனை போன்றவை சோதனைக்குள் அடங்கா என்பது லைப்சிக்கில் 1879இல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வுண்ட்டின் எண்ணம். அதே 1879இல் எபிங்ஹாஸ், ஆய்வுக்கூடமோ உதவியாளரோ இல்லாமல், நினைவை அளக்கத் தொடங்கினார். சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே.

கவிதையையோ உரைநடையையோ வைத்துக்கொண்டு அளந்தால் ஒரு தொந்தரவு. ஒரு வரி அழகால் ஒட்டிக்கொள்கிறது, இன்னொன்று எதுகையால், மற்றொன்று சொந்த வாழ்க்கையின் ஏதோ ஒரு ஞாபகத்தால். ஆகவே மெய், உயிர், மெய் என்று மூன்று ஒலிகளைக் கோத்துச் சுமார் 2300 அசைகளைத் தயாரித்தார். அவற்றைக் கலைத்துப் போட்டு வரிசைகளாக எடுத்து, கடிகாரத்தின் டிக்டிக் ஒலிக்கு ஏற்ப நிமிஷத்துக்கு 150 அசை என்ற சீரான வேகத்தில், பிழையில்லாமல் ஒப்பிக்க வரும்வரை படித்தார். நாளின் வெவ்வேறு வேளைகளில் மூளையின் சுறுசுறுப்பு வேறுபடும் என்பதால் வேளையையும் குறித்துவைத்தார்.

அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு அசை அல்ல, ‘சேமிப்பு’ என்ற கணக்கு. வங்கியில் நாங்கள் தினமும் புழங்கும் அதே சொல். ஞாபகம் இருக்கிறதா என்று மனதைக் கேட்டால் மனம் ஏதாவது சொல்லும். அதைக் கேட்காமல், மறந்ததைத் திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். முதல் தடவை 1000 விநாடியும் மறுதடவை 660 விநாடியும் ஆனால், 34 சதவீதம் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. 1885இல் வெளியான ‘நினைவு குறித்து’ என்ற சிறு நூலில் இந்த மிச்சங்களின் பட்டியல் வருகிறது: 20 நிமிஷத்துக்குப் பின் 58 சதவீதம், ஒரு மணிக்குப் பின் 44, ஒரு நாளுக்குப் பின் 34, 6 நாளுக்குப் பின் 25, 31 நாளுக்குப் பின் 21. மறதி முதல் மணி நேரத்தில் சூறையாடுகிறது. பிறகு மெல்லக் கரைக்கிறது.

இதற்குப் பின்னால் 163 இரட்டைச் சோதனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சராசரியையும் அதன் பிழையோடு சேர்த்தே கொடுத்தார். கிடைத்த எண் உண்மையான எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்ற கணக்கு அது. வானசாஸ்திரிகள் தங்கள் கண்ணை நம்பாமல் போட்டுவந்த கணக்கை இவர் தன் மனதை நம்பாமல் போட்டார். உருவாகிக்கொண்டிருக்கும் கொள்கை, சோதனை செய்பவனுக்குத் தெரியாமலே முடிவைத் தன் பக்கம் இழுக்கும் என்பதையும் நூலிலேயே விவாதித்தார். இந்த எண்கள் முதலில் ஒரு தனி மனிதனைப் பற்றியவைதான் என்றும் ஒப்புக்கொண்டார்.

இனி பைரன். அசைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ‘டான் ஜுவான்’ காவியத்தின் செய்யுள்களையும் அவர் மனப்பாடம் செய்தார். ஒரு செய்யுளில் ஏறக்குறைய 80 அசைகள். 8 அல்லது 9 முறை படித்தால் போதுமானதாக இருந்தது. அதே 80 அசைகள் அர்த்தமற்றவையாக இருந்தால் 70, 80 முறை படிக்க வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டார். அர்த்தம், சந்தம், இயைபு, பழகிய மொழி எல்லாம் சேர்ந்து உழைப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டன. கவிதை என்பது என்ன செய்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் எண்களில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன். எபிங்ஹாஸ் இந்தப் பத்தில் ஒன்பது பங்கைத் தெரிந்தே ஒதுக்கினார், ஒதுக்கியதன் அளவையும் எழுதி வைத்தார்.

பின்னால் வந்தவர்கள் அசைகளை எடுத்துக்கொண்டு பைரனை விட்டுவிட்டார்கள். அசைகளைச் செம்மைப்படுத்தினார்கள், அவற்றைக் காட்டச் சுழலும் உருளைகள் செய்தார்கள். ஒரு மனிதர் வசதிக்காகப் பிரித்துவைத்த துண்டு, அரை நூற்றாண்டுக்கு நினைவு முழுவதற்கும் பிரதிநிதியாகிவிட்டது. 1932இல் கேம்பிரிட்ஜின் பார்ட்லெட் இதை எதிர்த்தார். அர்த்தத்தைப் பிடுங்கிவிட்டால் படிப்பவன் தன் அர்த்தத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறான் என்பது அவர் வாதம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ‘ஆவிகளின் போர்’ என்ற கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். வள்ளங்கள் படகுகளாயின; சீல் வேட்டை மீன்பிடிப்பாயிற்று; விளங்காத இடங்கள் விளங்கும் இடங்களாகத் திருந்தின. அற்புதமான புத்தகம். ஆனால் அதில் புள்ளியியல் அநேகமாக இல்லை. இடைவெளிகளும் ஆளுக்கு ஆள் வேறு. எண்ணியவர் அர்த்தத்தை ஒதுக்கினார், அர்த்தத்தைப் பார்த்தவர் எண்ணவில்லை.

இதற்கிடையில் 1925இல் ஆர். ஏ. ஃபிஷரின் நூல் வந்தது. ஒரு வித்தியாசம் வெறும் தற்செயலாலேயே வந்திருக்க 20க்கு 1 வாய்ப்புக்கும் குறைவு என்றால் அதைப் பொருட்படுத்தலாம் என்பது அவர் சொன்ன ஒரு சௌகரியமான எல்லை. மனோதத்துவம் அதைச் சடங்காக்கிக்கொண்டது. எல்லையைத் தாண்டிய சோதனை பத்திரிகையில் அச்சாயிற்று. தாண்டாதது மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. 2015இல் உலகெங்கும் பல ஆய்வாளர்கள் சேர்ந்து, பிரசுரமான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் எல்லையைத் தாண்டியிருந்தன. மறுமுறை தாண்டியவை 36 சதவீதம். மூல ஆய்வாளர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருவர் சாதகமான இடத்தில் நிறுத்தினார், இன்னொருவர் பொருந்தாத சில எண்களைத் தள்ளினார். யாரும் விட்டதைச் சொல்லவில்லை.

அதே 2015இல் ஆம்ஸ்டர்டாமில் முர்ரே, ட்ரோஸ் என்ற இருவர் எபிங்ஹாஸின் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஒரே ஆள், 70 மணி நேர மனப்பாடம். 130 வருஷம் கழித்து அதே வளைவு கிடைத்தது. ஒரே ஆளை வைத்துச் செய்தால் போதும் என்பதல்ல இதன் பாடம். எதைச் செய்தார், எதை விட்டார், எங்கே தன்னைச் சந்தேகித்தார் என்று அவர் எழுதி வைத்திருந்ததால்தான் இன்னொருவன் அதே பாதையில் நடந்து பார்க்க முடிந்தது.

நாம் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஒரு தொகுப்பில் 40 கவிதைகள். நம் கட்சிக்கு ஏற்ற நாலு வரியை மேற்கோள் காட்டி, கவிஞரை நிறுத்துகிறோம் அல்லது வீழ்த்துகிறோம். மற்ற 39 கவிதைகள் நம் இழுப்பறைக்குள் போகின்றன. நானும் விலக்கல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரைப் பற்றி எழுதும்போது இரண்டு வரிகளை நினைவிலிருந்தே மேற்கோள் காட்டினேன். அச்சான பிறகு புத்தகத்தைப் புரட்டினால் ஒரு சொல் வேறாக இருந்தது. நான் போட்ட சொல் அவருடையதைவிட என் வாதத்துக்கு நன்றாகப் பொருந்தியது. பார்ட்லெட்டின் வாசகர்கள் வள்ளத்தைப் படகாக்கியது இப்படித்தான். வங்கியில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால், அது எங்கே விழுந்தது என்று தெரியும்வரை வீட்டுக்குப் போக முடியாது. கட்டுரையில் அந்த வித்தியாசத்தோடு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

எண்ணுவது கவிதைக்கு விரோதம் என்று சொல்பவர்களுக்கு எபிங்ஹாஸின் கடைசிக் கணக்கு ஒன்று உண்டு. இளமையில் மனப்பாடம் செய்து, பிறகு தொடாமலே விட்ட ‘டான் ஜுவான்’ செய்யுள்களை 22 வருஷம் கழித்து மறுபடி படித்தார். முன்பு படித்த ஞாபகமே இல்லை. ஆனால் புதிய செய்யுள்களைவிட இவற்றுக்கு நேரம் குறைவாகவே பிடித்தது. சேமிப்பு சுமார் 7 சதவீதம். மனம் ‘இல்லை’ என்று சொன்னதைக் கடிகாரம் ‘இருக்கிறது’ என்றது.

‘மனதில் நிற்கிறது’ என்று இனிமேலும் எழுதுவேன். ஆனால் எழுதும் முன் புத்தகத்தைத் திறந்து வரியைச் சரிபார்ப்பேன்; எத்தனை கவிதைகளைப் படித்து எத்தனையை விட்டேன் என்பதையும் கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன். மற்றவர்களும் அப்படிச் செய்தால், நம் சண்டைகளில் பாதியையாவது ஒருவரை ஒருவர் சரிபார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.